வேஷத்தைக் கலைத்தார், நாடகத்தை வளர்த்தார்!

வள்ளியூர் முருகன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். அங்கே குன்றைக் குடைந்து முருகனுக்குக் கோயில் அமைத்திருக்கிறார்கள். வள்ளியின் பெயரைத் தாங்கி நிற்கிறது ஊர். முருகன் வள்ளியை மணந்த கதையைக் கேளாமல் அந்தப் பக்கத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது.

இந்தக் கதையை நம் மக்கள் புராணம் படித்தா தெரிந்து கொண்டார்கள்? பெரும்பாலோர் நாடகம் பார்த்துத்தான் தெரிந்து கொண்டார்கள். கோயில் கொடையா, திருவிழாவா? இரவில் "வள்ளி திருமணம்" நாடகம் வைப்பார்கள். வள்ளி தினைப்புனம் காப்பாள். நாரதர் வந்து வாதம் செய்வார். முருகன் வேடனாக வருவான். பிறகு கிழவனாக வருவான். யானை வந்து மிரட்டும். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் திருமணம் நடக்கும். தூங்கிய குழந்தையை எழுப்பித் தோளில் போட்டுக் கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள்.

இந்த நாடகத்தை எழுதியவர் யார்? அவர் நம்முடைய பழைய திருநெல்வேலி ஜில்லாக்காரர்தான். பெயர் சங்கரதாஸ் சுவாமிகள். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று நாடக உலகம் அவரைப் போற்றுகிறது.

அவர் முதலில் நடிகராக இருந்தவர். அவர் மேடையில் வந்து நின்றால் கூட்டம் நடுங்கும். அப்படிப்பட்டவர் ஒரு நாள், இனி அந்த வேஷங்களைக் கட்டுவதில்லை என்று முடிவு செய்தார். கை தட்டலையும் பேரையும் கொடுத்த தொழிலை விட்டார். ஏன் விட்டார்? விட்ட பிறகு என்ன செய்தார்? அதுதான் அவருடைய கதை.

உப்புக் கணக்கு

தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டி என்று ஒரு கிராமம். அங்கே 1867-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி சங்கரன் பிறந்தார். அப்போது அந்த ஊர் திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது 1986-ஆம் ஆண்டில்தான்.

தந்தையார் பெயர் தாமோதரன். அவர் ராமாயணத்தில் தேர்ந்தவர். அதனால் அவரை ராமாயணப் புலவர் என்றே ஊரார் அழைத்தார்கள். மகனுக்கு முதல் தமிழாசிரியர் அவர்தான். சிறு வயதிலேயே சங்கரனுக்குப் பாட்டுக் கட்டும் திறமை வந்து விட்டது.

பிறகு தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார். அந்தக் காலத்தில் தண்டபாணி சுவாமிகளைத் தெரியாத புலவர்கள் இல்லை. அவர் பெரிய முருக பக்தர். முருகதாசர் என்பது அவருக்கு இன்னொரு பெயர். சந்தம் தவறாமல் பாடுவதில் நிகரற்றவர். அவரிடம் படித்ததால் வெண்பா, விருத்தம், சிந்து எல்லாம் சங்கரதாசுக்குக் கை வந்தன.

ஆனால் பாட்டு சோறு போடுமா? தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கர் வேலை கிடைத்தது. பகலெல்லாம் உப்பு மூட்டைக்குக் கணக்கு எழுதினார். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். கவலை இல்லாத வேலை. நாலு பேர் மதிக்கும் வேலை.

அந்த வேலையை அவர் 1891-ஆம் ஆண்டில் விட்டார். அப்போது அவருக்கு வயது 24. வேலையை விட்டு எங்கே போனார்? நாடகக் கம்பெனிக்குப் போனார்!

நாடகக்காரர்களுக்கு அந்த நாளில் மதிப்புக் கிடையாது. கூத்தாடி என்று ஏளனம் செய்வார்கள். குடியிருக்க வீடு கொடுக்கத் தயங்குவார்கள். புலவரின் மகன், கணக்கு வேலை பார்த்தவர், அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் விட்ட முதல் பொருள் நிலையான சம்பளம்.

அதே 1891-ஆம் ஆண்டில்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் பின்னாளில் வக்கீலாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். அந்தச் சபையில் படித்தவர்கள் ஓய்வு நேரத்தில் நடித்தார்கள். சங்கரதாசுக்கு அப்படி வேறு தொழில் இல்லை. அவருக்கு நாடகமே சோறு, நாடகமே வீடு.

எமன் வேஷம்

ராமுடு ஐயர், கல்யாணராமையர் என்பவர்கள் நடத்திய நாடக சபையில் அவர் சேர்ந்தார். அவருக்கு நல்ல உடல்வாகு. கணீரென்ற குரல். அதனால் இரணியன், இராவணன், எமதருமன், சனீஸ்வரன் ஆகிய வேஷங்கள் அவருக்கு வந்தன.

அந்த நாளில் ஒலிபெருக்கி இல்லை. மின்சார விளக்கும் இல்லை. எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில், கறுப்பும் சிவப்பும் பூசிய முகத்தோடு ஒருவர் பாய்ந்து வந்து கர்ஜித்தால் எப்படி இருக்கும்? முன் வரிசையில் உட்கார்ந்த பிள்ளைகள் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக் கொள்ளும்.

அவருடைய எமன் வேஷத்தைப் பற்றி நாடகக்காரர்கள் ஒரு செய்தி சொல்லி வருகிறார்கள். சத்தியவான் சாவித்திரி நாடகம் நடந்து கொண்டிருந்தது. எமனாக அவர் பாசக் கயிற்றோடு ஆவேசமாகப் பாய்ந்தார். கூட்டத்தில் இருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அதைப் பார்த்து அலறி விழுந்தாள். கரு கலைந்து விட்டதாம்.

இன்னொரு செய்தியும் உண்டு. நளதமயந்தி நாடகத்தில் அவர் சனீஸ்வரனாக நடித்தார். விடியற்காலையில் நாடகம் முடிந்தது. அரிதாரத்தைக் கழுவுவதற்காக வேஷத்தோடு நீர்நிலைக்குப் போனார். அங்கே வந்த ஒரு பெண் இருட்டில் அந்த உருவத்தைக் கண்டாள். அஞ்சி விழுந்தவள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லையாம்.

வேறு நடிகராக இருந்தால் என்ன செய்திருப்பார்? வருத்தப்பட்டிருப்பார். ஆனால் உள்ளுக்குள்ளே, தன் நடிப்புக்கு இவ்வளவு வலிமையா என்று பெருமையும் பட்டிருப்பார். அடுத்த ஊரில் நோட்டீசிலே அதையே போட்டுக் கூட்டம் சேர்த்திருப்பார்.

சங்கரதாஸ் அப்படிச் செய்யவில்லை. பார்க்க வந்தவர்களுக்குத் துன்பம் தரும் வேஷம் தமக்கு வேண்டாம் என்று விலகிக் கொண்டார். அவர் விட்ட இரண்டாவது பொருள் புகழ்.

காவி உடை

நடிப்பை விட்டாலும் நாடகத்தை விடவில்லை. சூத்திரதாரராக மேடை ஏறினார். சூத்திரதாரர் என்றால் நாடகத்தின் தொடக்கத்தில் வந்து கதையைச் சொல்லி, நடிகர்களை நடத்தி வைப்பவர். சாமி நாயுடு என்பவரின் நாடக சபையில் ஆசிரியராகவும் இருந்தார்.

பிறகு அதிலும் அவர் மனம் நிற்கவில்லை. தலயாத்திரை புறப்பட்டு விட்டார். கோயில் கோயிலாகச் சுற்றினார். காவி உடுத்தினார். அது முதல் மக்கள் அவரைச் சுவாமிகள் என்று அழைத்தார்கள். அவர் கல்யாணம் செய்து கொள்ளவே இல்லை.

அவர் அப்படியே சந்நியாசியாகப் போயிருந்தால் தமிழ் நாடகம் என்ன ஆகியிருக்கும்? நல்ல வேளையாக ஒரு பெரியவர் அவரைத் தடுத்து நிறுத்தினார். அவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்த லய மேதை. அவர் சுவாமிகளைத் தம் மகனைப் போல வைத்துக் கொண்டார். தாள நுட்பங்களைச் சொல்லிக் கொடுத்தார். மறுபடியும் நாடகத்துக்கே போகும்படி வற்புறுத்தினார்.

சுவாமிகள் திரும்பி வந்தார். இந்தத் தடவை வேஷம் கட்டுவதற்காக வரவில்லை. எழுதுவதற்கும் கற்றுக் கொடுப்பதற்கும் வந்தார். இந்த இரண்டைத் தவிர வேறு வேலை வேண்டாம் என்று வைத்துக் கொண்டார்.

ஆளுக்கு ஒரு பேச்சு

அப்போது நாடக மேடை எப்படி இருந்தது? பாட்டுகள் மட்டும் எழுதி வைக்கப்பட்டிருக்கும். வசனம் பெரும்பாலும் நடிகர்களின் சொந்தச் சரக்கு. வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். ராஜபார்ட் ஒரு ஊரில் இருந்து வருவார். ஸ்திரீ பார்ட் இன்னொரு ஊரில் இருந்து வருவார். இருவரும் மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது.

அதனால் என்ன ஆகும்? ஒருவரை ஒருவர் மடக்கப் பார்ப்பார்கள். கதை நடுவழியில் நிற்கும். ராமனும் சீதையும் கதையை மறந்து விட்டுச் சங்கீதச் சண்டை போடுவார்கள்! குடித்து விட்டு மேடை ஏறியவர்களும் உண்டு. குடும்பத்தோடு நாடகம் பார்க்க வந்தவர்கள் முகம் சுளிக்கும்படி பேசியவர்களும் உண்டு.

சுவாமிகளுக்கு இந்த நோய் தெரியும். மேடையில் நின்று பார்த்தவர் அல்லவா? ஒரு நல்ல நடிகர் நடித்தால் அந்த ஒரு ராத்திரி நன்றாக இருக்கும். மறுநாள் வேறு நடிகர் வந்தால் கதை கெட்டுப் போகும். நல்ல நாடகத்தை எழுத்தில் வடித்துக் கொடுத்தால்? பாட்டும் வசனமும் அதிலேயே இருந்தால்? எந்த ஊரில் யார் நடித்தாலும் நாடகம் நிற்கும் அல்லவா?

அதனால் எழுதினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், அல்லி அர்ஜுனா, சத்தியவான் சாவித்திரி, சுலோசனா சதி, லவகுசா, பிரகலாதன் என்று 40-க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். மக்களுக்குத் தெரிந்த கதைகளையே எடுத்துக் கொண்டார். திருக்குறள் முதலிய நூல்களின் கருத்துகளை வசனத்திலே கலந்தார். பள்ளிக்கூடம் போகாதவர்களும் தமிழின் பெரிய நூல்களைக் காதால் கேட்டார்கள். எழுத்து வாசனை இல்லாத உழவர் கூட ஏர் பிடித்துக் கொண்டே நாடகப் பாட்டுப் பாடினார்.

சிறுவர்களின் வாத்தியார்

எழுதினால் மட்டும் போதுமா? எழுதியதை எழுதியபடி பேச ஆள் வேண்டாமா? பழகிப் போன நடிகர்கள் வசனத்தை மனப்பாடம் செய்ய மறுத்தார்கள். ஒத்திகைக்கு வரவும் மனம் இல்லை.

சுவாமிகள் சண்டை போடவில்லை. சிறுவர்களைச் சேர்த்துக் கொண்டார். 1910-ஆம் ஆண்டை ஒட்டி சமரச சன்மார்க்க நாடக சபையை அமைத்தார். செங்கோட்டைச் சிறுவன் கிட்டப்பா அந்தச் சபையில் பயின்றவர். பின்னாளில் எஸ்.ஜி. கிட்டப்பா என்ற பெயரைக் கேட்டாலே ஊர் திரண்டது.

1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா தொடங்கியது. அந்தச் சபையின் வரவு செலவைப் பார்க்க உரிமையாளர்கள் இருந்தார்கள். சுவாமிகள் ஆசிரியராக இருந்தார். பணப்பெட்டிச் சாவியை அவர் தேடவில்லை. அவருக்கு வேண்டியது பிள்ளைகளும், ஒரு பேனாவும், கட்டுக் காகிதமும்தான்.

கண்ணுசாமிப் பிள்ளை என்ற நடிகரின் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். சங்கரன், முத்துசாமி, சண்முகம் என்ற சகோதரர்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பிற்காலத்தில் தமிழகம் கொண்டாடியது இவர்களைத்தான். சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு வயது 6.

பிள்ளைகளுக்கு முதலில் தமிழ் உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்தார். ழகரம் தவறினால் விட மாட்டார். பிறகு பாட்டு, தாளம், வசனம். மேடையில் யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்தார். கண்டிப்பான வாத்தியார். ஆனால் பிள்ளைகளிடம் அன்பு மிகுந்தவர்.

அந்த வாழ்க்கை பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கவில்லை. தாய் தந்தையரைப் பிரிந்து ஊர் ஊராகப் போக வேண்டும். இரவெல்லாம் கண் விழிக்க வேண்டும். பள்ளிப் படிப்பு இல்லை. இன்று எந்தத் தாயும் 6 வயதுப் பிள்ளையை அப்படி அனுப்ப மாட்டாள். ஆனால் ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த நாளில் சோறும் தொழிலும் தமிழும் கிடைத்த இடம் அதுதான்.

ஒரே இரவில் ஒரு நாடகம்

சிறுவன் சண்முகத்துக்காகச் சுவாமிகள் அபிமன்யு சுந்தரி என்ற நாடகத்தை எழுதினார். அதை எழுத அவருக்கு எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? ஒரே இரவு! சண்முகம் பின்னாளில் தமது நாடக வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூலில் இதைச் சொல்லியிருக்கிறார்.

இரவு விளக்கை ஏற்றி வைத்துக் கொண்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் தூங்கப் போனார்கள். காலையில் எழுந்து பார்த்தால், பாட்டும் வசனமுமாக முழு நாடகமும் தயாராக இருந்தது.

இது அதிசயம் போலத் தோன்றும். ஆனால் எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு இரவுக்குப் பின்னால் எத்தனை வருடங்கள் இருந்தன! தந்தையாரிடம் கேட்ட ராமாயணம் இருந்தது. தண்டபாணி சுவாமிகள் கொடுத்த சந்தம் இருந்தது. மான்பூண்டியா பிள்ளை கொடுத்த தாளம் இருந்தது. மேடை ஏறி நடித்த அனுபவம் இருந்தது. அவருக்குக் குடும்பக் கவலை இல்லை. கம்பெனிக் கணக்கு இல்லை. வேஷம் கட்டும் வேலையும் இல்லை. தெரிந்தது எல்லாம் ஒரே வாய்க்காலில் பாய்ந்தது. பயிர் ஓர் இரவில் விளைந்தது போலத் தெரிந்தது.

தாமிரபரணிக் கரையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இருக்கும் தண்ணீரைப் பத்து வயலுக்கும் திருப்பி விட்டால் எந்த வயலும் நனையாது. ஒரு வயலில் பாய்ச்சினால் நெல் விளையும்.

வாய் பேசவில்லை

1921-ஆம் ஆண்டில் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் விழுந்து விட்டன. பேச்சும் போய் விட்டது. ஆயிரம் பாட்டுப் பாடிய வாய் மூடிக் கொண்டது. எழுதிய கை அசையவில்லை.

அவர் நடிகராகவே இருந்திருந்தால், அன்றோடு எல்லாம் முடிந்திருக்கும். குரல் போனால் நடிகர் ஏது? உடல் விழுந்தால் எமன் ஏது, இராவணன் ஏது?

ஆனால் அவர் சபையின் நாடகம் நிற்கவில்லை. ஒவ்வொரு இரவும் திரை தூக்கப்பட்டது. அவர் எழுதிய வசனத்தை அவர் வளர்த்த பிள்ளைகள் பேசினார்கள். அவர் சொல்லிக் கொடுத்தபடியே பாடினார்கள். வாத்தியாரின் வாய் பேசவில்லை. மாணவர்களின் வாய் பேசியது.

1922-ஆம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. நாடகக் கலைஞர்கள் அங்கே போய் வணங்கி வருகிறார்கள்.

அவர் வைத்துப் போன சொத்து

அவருக்கு மனைவி மக்கள் இல்லை. அவர் வைத்துப் போனவை நாடகங்களும் மாணவர்களுமே.

1925-ஆம் ஆண்டில் டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்தமாக நாடக சபை தொடங்கினார்கள். வாத்தியாரின் பெயரை எங்கே போனாலும் சொன்னார்கள். பிற்காலத்தில் சண்முகம் அவ்வையார் வேஷத்தில் புகழ் பெற்றார். அவ்வை சண்முகம் என்றே நாடு அவரை அழைத்தது.

1926-ஆம் ஆண்டில் இலங்கையில், கொழும்பு நகரில், வள்ளி திருமணம் நாடகம் நடந்தது. வள்ளியாக கே.பி. சுந்தராம்பாள் வந்தார். அவரோடு எஸ்.ஜி. கிட்டப்பா நடித்தார். கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள் அதைக் கண்டு மகிழ்ந்தார்கள். மறு ஆண்டே அந்த இருவரும் வாழ்க்கையிலும் மணம் செய்து கொண்டார்கள்.

பேசும் படம் வந்தது. 1933-ஆம் ஆண்டில் வள்ளி திருமணம் படமாக வந்தது. 1934-ஆம் ஆண்டில் பவளக்கொடி வந்தது. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த முதல் படம் அதுதான். இவையெல்லாம் மேடையிலே மக்கள் கேட்டுக் கேட்டு மகிழ்ந்த கதைகள். படம் எடுத்தவர்களுக்குப் பாதை போட்டுக் கொடுத்தது நாடக மேடை.

இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் வள்ளி திருமணம் நடக்கிறது. ஆர்மோனியம் வாசிக்கிறவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பபூன் வந்து சிரிக்க வைக்கிறார். நாரதரும் வள்ளியும் விடிய விடிய வாதாடுகிறார்கள். நடிகர்கள் பலர் சுவாமிகளை மனதில் வணங்கி விட்டுத்தான் மேடை ஏறுகிறார்கள்.

எதை விடுவது?

திறமை உள்ளவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. அவர்களுக்கு நாலு வேலை தெரியும். நாலையும் செய்யச் சொல்லி நாலு பேர் கூப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் தலை ஆட்டுவார்கள். கடைசியில் எதிலும் பெயர் நிற்காது.

சங்கரதாஸ் சுவாமிகளுக்குக் கணக்கு எழுதத் தெரியும். நடிக்கத் தெரியும். பாடத் தெரியும். கம்பெனிகளோடு ஊர் ஊராகச் சுற்றியவருக்குக் கம்பெனி நடத்தும் வகையும் தெரிந்திருக்கும். ஆனால் சம்பளத்தை விட்டார். வேஷத்தை விட்டார். பணப்பெட்டியை மற்றவர்களிடம் விட்டார். எழுதுவதையும், பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பதையும் மட்டும் கடைசி வரை விடவில்லை.

அவர் கட்டிய எமன் வேஷத்தைப் பார்த்தவர்கள் இன்று யாரும் இல்லை. அவர் எழுதிய வள்ளியை இன்றும் பார்க்கிறார்கள். உங்கள் ஊர்ப் பக்கத்தில் வள்ளி திருமணம் நடந்தால் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு போய்ப் பாருங்கள். நாடகம் முடிந்து வீடு திரும்பும்போது, அதை எழுதியவர் தூத்துக்குடியில் உப்புக் கணக்கு எழுதிக் கொண்டிருந்தவர் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.